எலுமிச்சைக்கும் கறிவேப்பிலைக்கும் மருந்தடிப்பதை நிறுத்துங்கள்: நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பேட்டையின் நகர மன்ற அதிகாரிகளுக்கும், பூச்சி ஒழிப்புப் பணியை எடுத்து நடத்தும் குத்தகையாளருக்கும்,

மின்தூக்கி அருகே நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தோம். எலுமிச்சை, அதன் வகைகளான லிமாவ் பூருட், லிமாவ் கஸ்தூரி, கறிவேப்பிலை எதுவானாலும், புளோக்கைச் சுற்றியும் சமூகத் தோட்டத்திலும் உள்ள செடிகள் அனைத்துக்கும் இனி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மருந்து தெளிக்கப்படும் என்கிறது அது. இலை கறுத்த செடிகளை வேரோடு அகற்றப் போவதாகவும் சொல்கிறது. இந்த முடிவை எங்களால் ஏற்க முடியாது. இலை கறுப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த வழி அந்தக் கறுப்பைக் கூட்டும் என்பதால் எழுதுகிறோம்.

முதலில் அந்தக் கறுப்பு எதனால் வருகிறது என்று பார்ப்போம். அது செடியின் நோயல்ல. ஈரத்துணியால் துடைத்தால் கையோடு வந்துவிடும் பூஞ்சணப் படலம் அது. அதற்குச் சோறு போடுவது இலையின் அடிப்பக்கம் ஒட்டிக்கிடக்கும் பூச்சி கசியவிடும் தேன்பாகு. அந்தப் பூச்சி எலுமிச்சைக் கரும் ஈ. அறிவியல் பெயர் அலெயுரோகாந்தஸ் வோக்லுமி. பெயரில் ஈ இருந்தாலும் வெள்ளை ஈக்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. தாய்ப்பூச்சி இலையின் அடியில் சுருள் கோலம் போட்டதுபோல் முட்டையிடும். பொரித்து வரும் குஞ்சு சிறிது தூரம் நடந்து, ஓர் இடத்தில் வாயை ஊன்றிய பிறகு, இறக்கை முளைக்கும்வரை அங்கிருந்து அசையாது. உடல் பளபளக்கும் கறுப்பாகி, ஓரத்தில் வெள்ளை மெழுகு விளிம்பு கட்டும். முதுகெல்லாம் முள். கடைசிப் பருவத்திலும் அது ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் இருக்கும்.

இனி உங்கள் தெளிப்பு நடக்கும் முறையைப் பாருங்கள். முதுகில் கட்டிய மோட்டார் தெளிப்பானோடு வரும் ஊழியர், செடிக்கு எதிரே நின்று மேலிருந்து கீழாக அடித்துவிட்டுப் போகிறார். மருந்து இலையின் மேற்பரப்பில் விழுகிறது. கரும் ஈயோ கீழ்ப்பரப்பில், மெழுகுக்குள் இருக்கிறது. முட்டைக்கும் கடைசிப் பருவக் கூட்டுக்கும் பெரும்பாலான மருந்துகள் ஏறுவதே இல்லை. நேரே மருந்து பட்டுச் சாவது பறந்து திரியும் வளர்ந்த பூச்சிகளும், இலைமேல் நடமாடும் மற்ற உயிர்களும்தான். அந்த மற்ற உயிர்களில்தான் எங்கள் கவலை முழுவதும் இருக்கிறது.

கரும் ஈயை அடக்கி வைப்பவை ஒட்டுண்ணிக் குளவிகள். குளவி என்றதும் குடியிருப்பாளர்கள் பயப்பட வேண்டாம். இவை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சிகள். மனிதரைக் கொட்டாது, கூடு கட்டாது, வீட்டுக்குள் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எரெட்மோசெரஸ் சீரியஸ் என்ற மஞ்சள் நிறக் குளவி, கரும் ஈக் குஞ்சுக்கும் இலைக்கும் நடுவில் முட்டையைச் செருகிவிடும். பொரித்த புழு குஞ்சின் உடலைத் துளைத்து உள்ளே போய் அதைத் தின்று வளரும். என்கார்சியா வகைக் குளவிகள் முட்டையை நேரே உடலுக்குள் வைக்கும். அமிட்டஸ் ஹெஸ்பெரிடம் என்ற கறுப்புக் குளவிக்கு, கரும் ஈயின் இளம் பருவம்தான் விருப்பம். இப்படி வெவ்வேறு பருவத்தை வெவ்வேறு குளவி எடுத்துக்கொள்வதால்தான் கரும் ஈ பெருக வழியில்லாமல் போகிறது.

குளவிகளை நம்பி உட்கார முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு உலகம் ஏறத்தாழ நூறு ஆண்டுக்கு முன்பே விடை கண்டுவிட்டது. அந்த விடை கிடைத்தது நம் வட்டாரத்தில்.

கரும் ஈ ஆசியப் பூச்சி. 1913இல் ஜமைக்காவில் தென்பட்டு, 1916இல் கியூபாவுக்கும் பரவி, அங்குள்ள ஆரஞ்சுத் தோட்டங்களைக் கறுக்க அடித்தது. தாயகத்தில் இதைக் கட்டுக்குள் வைத்திருப்பது எது என்று தேடி, 1929இல் அமெரிக்க வேளாண்துறையின் கர்ட்டிஸ் கிளாசன் ஆசியாவுக்கு வந்தார். அன்றைய மலாயாவிலிருந்து எரெட்மோசெரஸ் சீரியஸ் குளவிகள் 1930இல் உயிரோடு கியூபா போய்ச் சேர்ந்தன. சிங்கப்பூரும் அப்போது மலாயா என்ற பெயருக்குள் அடக்கம். விட்ட இடங்களிலெல்லாம் கரும் ஈ அடங்கியது. கியூபாவிலிருந்து பஹாமாஸ், ஹைத்தி, பனாமா என்று குளவி கைமாறிக்கொண்டே போனது. மெக்சிகோவில் 1935இல் கரும் ஈ நுழைந்தபோது இதே குளவி அங்கே வறண்ட பகுதிகளில் தாக்குப்பிடிக்கவில்லை. ஈரமும் வெப்பமும் மாறாத நம் தட்பவெப்பத்தில் பழகிய உயிர் அது. பிறகு இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் 1949-50இல் கொண்டுபோன அமிட்டஸும் என்கார்சியாக்களும் அந்த வேலையை முடித்தன. குளவி ஏறிய இலைகளைக் கொய்து அடுத்த தோட்டத்து மரங்களில் கட்டிவிட்டே அவற்றை நாடெங்கும் பரப்பினார்கள். 1976இல் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் கரும் ஈ பரவியபோதும், கடைசியில் அதை அடக்கியவை குளவிகள்தான்.

அவர்கள் கடல் கடந்து வந்து தேடி எடுத்துப்போன காவல் நம் வட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை விஷம் வைக்கப் போகிறீர்கள்.

இரண்டு வாரம் என்ற இடைவெளிதான் இதில் மிகக் கெட்டது. ஏன் என்று விளக்குகிறோம். கரும் ஈயின் உடலுக்குள் இருக்கும் குளவிப் புழுவுக்கு மேலே ஒரு கூரை இருக்கிறது. ஒரே ஒரு முறை மருந்தடித்தால் அந்தக் கூரைக்குள் இருப்பவை ஓரளவு தப்பிவிடும். வெளியே வந்த குளவிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் ஆயுள் சில நாள்தான். அதற்குள் இலை இலையாக நடந்து, உணர்கொம்பால் தட்டித் தட்டிப் பார்த்து, தனக்கு ஏற்ற குஞ்சைக் கண்டுபிடிக்க வேண்டும். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகளின் எச்சம் இலைமேல் பல நாள் நிற்கும். அது கரைவதற்குள் அடுத்த தெளிப்பு வந்துவிடும். ஆக, எந்த நாளில் வெளியே வந்தாலும் குளவி நடப்பது விஷத்தின்மேல். கரும் ஈக் குஞ்சுக்கு நடக்கும் வேலையே இல்லை. வாரக்கணக்கில் அது ஒரே இடத்தில் உட்கார்ந்து சாறு குடிக்கும். மூன்று நான்கு சுற்றுத் தெளிப்புக்குப் பிறகு செடியில் மிஞ்சுவது கரும் ஈ மட்டும்தான். அப்போது கறுப்பு கூடும். உங்கள் குத்தகையாளர் மருந்தின் அளவைக் கூட்டச் சொல்வார்.

எங்கள் பேட்டையிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய வரிசை, தெளிப்பானும் புகையும் தவறாமல் எட்டும் இடம். அங்கே லிமாவ் கஸ்தூரிச் செடிகள் கரி பூசியதுபோல் நிற்கின்றன. சமூகத் தோட்டத்தின் பின்மூலையில், கம்பி வேலிக்குள், குழாய் எட்டாத இடத்தில் அதே வயதுச் செடிகள் பச்சையாக இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே மண், ஒரே வெயில், ஒரே உரம். பின்மூலைச் செடியிலும் கரும் ஈ இருக்கிறது. இலையைத் திருப்பினால் தெரியும். ஆனால் பெரும்பாலான கூடுகளின் முதுகில் ஊசியால் குத்தியதுபோல் ஒரு வட்டத் துளை இருக்கும்.

அந்தத் துளையை நீங்களே பார்க்க வேண்டும் என்று விரும்புகிறோம். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். கரும் ஈ தானாக வளர்ந்து வெளியேறினால், கூட்டின் முதுகு ஆங்கில ‘T’ எழுத்து வடிவில் கிழிந்து, இரண்டு மடலாகத் திறந்திருக்கும். குளவி வெளியேறினால் விளிம்பு சீரான வட்டத் துளை. உள்ளிருந்து கடித்து வெட்டியது. இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் ஆகும். ஒரு செடியில் நான்கு பக்கமும், மேலும் கீழும் சேர்த்துப் பத்து முதிர்ந்த இலைகளைப் பறிக்காமல் திருப்பிப் பாருங்கள். காலிக் கூடுகளில் வட்டத் துளை எத்தனை, கிழிசல் எத்தனை என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் வட்டத் துளை என்றால் அந்தச் செடியைத் தொடாதீர்கள். இலையில் ஒட்டிய கறுப்பைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் போதும். மூன்று வாரம் கழித்து மறுபடி எண்ணிப் பாருங்கள். இளந்தளிரை எண்ணிப் பயனில்லை. அங்கே முட்டையும் சிறு குஞ்சும்தான் இருக்கும். குளவி வேலை செய்ததா என்று தெரியாது. பலரும் தவறும் இடம் இது: தளிரைப் பார்த்து, குளவியே இல்லை என்று முடிவு கட்டி, மருந்தை எடுத்துவிடுவார்கள்.

துளை குறைவாக இருந்தால் முதலில் எறும்பைக் கவனியுங்கள். தேன்பாகுக்காக வரும் எறும்புகள் இலைமேல் ஓயாமல் ஓடி, குளவியை முட்டையிட விடாமல் கலைக்கும். தண்டில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பத்து சென்டிமீட்டர் அகலத்துக்குத் தாள் நாடா சுற்றி, அதன்மேல் பூச்சி பிடிக்கும் பசையைத் தடவுங்கள். பசையைப் பட்டைமேல் நேரே தடவினால் பட்டை வெந்து புண்ணாகும். சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடும் கிளையை வெட்டாவிட்டால் எறும்பு அந்தப் பாலம் வழியே ஏறிக்கொள்ளும். பசை போட்டது வீண். வாரம் ஒரு முறை பசைமேல் படிந்த தூசியையும் சருகையும் நீக்க வேண்டும். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பல செடிகளில் குளவிகள் தாமாகத் திரும்புகின்றன.

அதற்கும் அடங்காத செடிக்குத் தோட்டக்கலை எண்ணெய் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி. இலையின் அடியில் சொட்டச் சொட்ட நனையும்படி, காலை ஒன்பது மணிக்குள் அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். தண்ணீர் பாய்ச்சாமல் வாடி நிற்கும் செடிக்கு அடித்தாலும் அப்படித்தான். கறிவேப்பிலையின் தளிர் மென்மையானது. முதலில் ஒரு கொத்தில் அடித்து, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போக வேண்டும். எண்ணெய் பூச்சியை மூச்சடைத்துக் கொல்லும். காய்ந்தபின் அதன்மேல் நடக்கும் குளவிக்குப் பெரிய தீங்கில்லை. நனைந்த கூட்டுக்குள் இருக்கும் குளவியும் சாகும் என்பதால், துளை நிறைந்த கிளைகளை விட்டுவிட்டு மற்றதற்கு மட்டும் அடிக்க வேண்டும்.

வெட்டிய கிளைகளை அன்றே கறுப்புப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடும் வழக்கத்தையும் நிறுத்தச் சொல்கிறோம். வட்டத் துளை அதிகமுள்ள கிளைகளில் இன்னும் வெளிவராத குளவிகள் ஏராளம். அவற்றைத் தனியே பிரித்து, கறுத்துப்போன செடியின் நிழலில் ஒரு வாரம் தொங்கவிட்டால் குளவி வெளியே வந்து வேலைக்குப் போகும். இளங்குஞ்சுகளோ இலை காயும்போதே சாறில்லாமல் செத்துவிடும்.

கறிவேப்பிலைக்கு வேறொரு பகைவனும் உண்டு. தளிர்க்காம்பில் மஞ்சள் பொட்டுகளாக மொய்த்து, வெள்ளை மெழுகு நூல் கசியவிடும் சிலிட் பூச்சி அது. கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தான். இந்தப் பூச்சியை நாங்கள் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உலகெங்கும் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துவரும் பசுமை நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோவது இதுதான். இதற்கும் ஒரு குளவி இருக்கிறது. தமரிக்சியா ரேடியேட்டா என்ற அந்தக் குளவி, இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாபின் லயால்பூரில் கிடைத்து, 1922இல் விவரிக்கப்பட்டது. கலிஃபோர்னியா அதைப் பாகிஸ்தான் பஞ்சாபிலிருந்து தருவித்து 2011 இறுதியில் தோட்டத்தில் விடத் தொடங்கியது. சிலிட் குஞ்சின் தலைப்பக்கம் வட்டத் துளை இருந்தால் அது இந்தக் குளவியின் வேலை. கறிவேப்பிலைக்கு அடிக்கும் மருந்து இதையும் சேர்த்துக் கொல்லும். தவிர, கறிவேப்பிலையையும் லிமாவ் பூருட் இலையையும் யாரும் தோல் உரித்துச் சாப்பிடுவதில்லை. தாளிக்க நாலு இலை கிள்ளும் பாட்டிக்கு நேற்று என்ன மருந்து அடித்தார்கள், எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று உங்கள் அறிவிப்பில் ஒரு வரி இல்லை. இதை நாங்கள் கடுமையாகவே ஆட்சேபிக்கிறோம்.

கொசுப் புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெங்கி பரவும் இடத்தில் புகையடிப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை, உயிர் முக்கியம். டெங்கி இல்லாத வாரத்திலும் பழக்கத்துக்காகத் தோட்டத்துக்குள் புகை விடுவதைத்தான் எதிர்க்கிறோம். கலிஃபோர்னியாவின் சவுத் லேக் தாஹோவில் 1960களில் கொசுவுக்காக மாலத்தியான் புகை அடித்துக்கொண்டிருந்தார்கள். அங்குள்ள ஊசியிலை மரங்களில் செதில் பூச்சி பெருகி மரங்கள் வெளுத்தன; அதை அடக்கி வைத்திருந்த குளவிகள் புகையில் செத்திருந்தன. புகையை நிறுத்தியபின் சில ஆண்டுகளில் குளவிகள் திரும்பிச் செதில் பூச்சி தானாக அடங்கியது. இதை ஆய்வாளர்கள் 1975இல் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் கொசுவுக்கே வேறு வழி வந்துவிட்டது. 2016 முதல் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய ஆண் கொசுக்களை விட்டு, டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவைக் குறைக்கிறோம். பூச்சியைக் கொண்டு பூச்சியை அடக்கலாம் என்பதைக் குடியிருப்பாளர்கள் புளோக் புளோக்காக ஏற்றுக்கொண்ட நாடு இது. எலுமிச்சைச் செடிக்கு மட்டும் ஏன் மோட்டார் தெளிப்பான்?

எங்கள் கோரிக்கைகள் இவை. இரண்டு வாரத் தெளிப்பு அட்டவணையை உடனே ரத்து செய்யுங்கள். இலை கறுத்தது என்ற ஒரே காரணத்துக்காக எந்தச் செடியையும் பிடுங்காதீர்கள். ஏற்கெனவே குறிபோட்ட செடிகளின் நாடாக்களை அவிழ்த்துவிடுங்கள். தெளிப்பதற்கு முன் செடிக்குச் செடி இலையைத் திருப்பி எண்ண வேண்டும், எண்ணிக்கையைத் தாளில் பதிய வேண்டும் என்பதைக் குத்தகை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குத்தகையாளருக்குத் தெளித்த சுற்றுக்குக் கூலி கொடுக்கும்வரை அவர் தெளித்துக்கொண்டுதான் இருப்பார். பார்வையிட்ட வேலைக்குக் கூலி கொடுங்கள். மருந்து அடித்தே ஆக வேண்டிய இடத்தில் அதன் பெயர், மூலப்பொருள், அடித்த தேதி, பறிக்கக் காத்திருக்க வேண்டிய நாள் ஆகியவற்றை நான்கு மொழியிலும் செடியருகே மாட்டுங்கள். தோட்டத்தை ஒட்டிப் புகையடிக்கும் முன் மூன்று நாள் முன்னதாகத் தோட்டக் குழுவுக்குச் சொல்லுங்கள். புகைக் குழாயைச் சாக்கடைப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.

சீனப் புத்தாண்டு முடிந்ததும் குப்பை மேட்டருகே கைவிடப்படும் ஆரஞ்சுத் தொட்டிகளை யாரும் பார்க்காமல் தோட்டத்துக்குள் கொண்டுவந்து வைப்பதை நிறுத்த ஓர் ஏற்பாடு வேண்டும். புதுப் பூச்சி வரும் வாசல் அதுதான். மூன்று வாரம் தனியே வைத்து, இலையடியைப் பார்த்த பிறகே உள்ளே விட வேண்டும். அந்தப் பொறுப்பைத் தோட்டக் குழு ஏற்கத் தயார்.

எண்ணும் முறையை உங்கள் ஊழியர்களுக்கும் குத்தகையாளரின் ஆட்களுக்கும் கற்றுத்தர எங்களில் நால்வர் வருகிறோம். கைலென்ஸும் பதிவுத் தாளும் நாங்களே கொண்டுவருவோம். அறிவிப்பில் உள்ள முதல் தெளிப்புத் தேதிக்கு முந்தைய சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய வரிசையில் தொடங்கலாம். முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவரை அனுப்புங்கள். வர இயலாவிட்டால், எண்ணி முடிக்கும்வரை தெளிப்பு நடக்காது என்பதை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
பேட்டையின் சமூகத் தோட்டப் பராமரிப்பாளர்கள்